கோபுரத்தைத் தாண்டாத கோடு

மடக்கு ஸ்டூல், ஸ்கெட்ச் புக், இங்க் பேனா, கையடக்கமான வாட்டர் கலர் டப்பா ஆகியவற்றோடு பத்து இருபது பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தெருவோரம் கூடுகிறார்கள். இரண்டு மணி நேரம் கண்ணெதிரே இருப்பதை வரைகிறார்கள். முடிவில் எல்லாப் புத்தகங்களையும் தரையில் விரித்து வைத்துப் பார்த்துப் பேசிக் கலைகிறார்கள். இன்று இது பல நாடுகளில் வேரூன்றிவிட்ட வழக்கம். சியாட்டில் நகரில் நாளிதழ் ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய சிறு வட்டம், ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பாக 2009இல் உருப்பெற்றது. அதன் முதல் உலகச் சந்திப்பு 2010இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் நடந்தது. 2015இல் சிங்கப்பூருக்கு வந்தது. பெங்களூரில் ‘பென்சில் ஜாம்’, சென்னையில் ‘சென்னை வீக்எண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ என்று நம் பக்கத்திலும் குழுக்கள் உண்டு. ‘அவுட்டோர்’ என்றும் ‘ஸ்பாட்’ என்றும் ஓவியக் கல்லூரி மாணவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த பயிற்சி, இப்போது பொறியாளர், இல்லத்தரசி, கணக்காளர், பள்ளிப்பிள்ளை எல்லோரும் சேர்ந்து செய்யும் காரியமாகியிருக்கிறது. அதன் பயன் எங்கே முழுமையடைகிறது என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. கோபுரமும் பாரம்பரியக் கட்டடங்களும் நிறைந்த பெருநகரத்திலா, அல்லது படம் வரைய அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும், திருப்பூர் மாவட்டத்துக் கொமரலிங்கம் போன்ற ஊரிலா?

அர்பன் ஸ்கெட்சர்ஸ் அமைப்புக்கு எட்டு அம்சக் கொள்கை ஒன்று இருக்கிறது. நேரில் பார்த்து வரைய வேண்டும். வரைந்தது ஓர் இடத்தின், ஒரு நேரத்தின் பதிவாக இருக்க வேண்டும். கண்ட காட்சிக்கு உண்மையாக நடந்துகொள்ள வேண்டும். சேர்ந்து வரைய வேண்டும். வரைந்ததைப் பிறரோடு பகிர வேண்டும் என்பன அதன் சாரம். குறை சொல்ல முடியாத கொள்கைதான். ஆனால், அந்த உண்மை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் நடைமுறைக்கு வருகிறது. ஸ்டூலை எங்கே போடுவது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தெப்பக்குளத்தின் படிகளை எண்ணி எண்ணி வரைந்தவர், குளத்துக்கு அடுத்த சந்தில் இருக்கும் லேத் பட்டறையை ஒருமுறைகூட வரையாமல் போகலாம். ஒவ்வொரு படமும் உண்மையாக இருக்க, எல்லாப் படங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஊரைப் பற்றிய பொய்யொன்று உருவாகிவிடலாம். ஆகவே இந்த இயக்கத்தை மதிப்பிட, கோடு எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்பதைவிட முந்தைய கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: எதன் முன்னால் உட்கார்ந்தார்கள், அங்கே அவர்கள் வரைந்ததைச் சரிபார்க்க யார் இருந்தார்கள்?

உட்காரும் இடத்தைத் தேர்வதில் நமக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னிந்தியாவில் பயணம் செய்து, திருச்சி மலைக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், மாமல்லபுரம் என்று வரைந்துகொண்டு போனார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த அவர்களுடைய ‘ஓரியண்டல் சீனரி’ தொகுப்பில் மொத்தம் 144 படங்கள். கேமரா அப்ஸ்கூரா என்ற இருட்டுப்பெட்டியின் துணையோடு வரைந்ததால் கட்டடங்களின் அளவும் சாய்வும் அவற்றில் துல்லியமாக இருக்கின்றன. ஆனால் அவர்கள் உட்கார்ந்த இடங்களைத் தீர்மானித்தது, இங்கிலாந்தில் விலைபோகும் காட்சி எது என்ற கணக்கு. பாழடைந்த மண்டபம், பாறை, அருவி, நடுவே அளவு காட்டுவதற்காகச் சில மனிதர்கள். நில அளவைக்காரரான காலின் மெக்கன்சியின் கணக்கு வேறு. 1815இல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான அவர், தம் வரைவாளர்களைக் கொண்டு கோயில், கல்வெட்டு, கோட்டை, குடிகளின் உடை என்று பெருந்தொகுப்பைச் சேர்த்தார். அதை ஆட்சி செய்பவரின் பார்வை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவருடைய ஆட்கள் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு எழுதியவை படங்களோடு சேர்ந்திருப்பதால்தான், அழகுக்காக வரைந்த படங்களைவிட அந்தத் தொகுப்பு ஆய்வாளருக்குக் கூடுதலாகப் பயன்படுகிறது. படத்தோடு கேள்வியும் பதிலும் சேரும்போது அதன் தரம் மாறுகிறது என்பது இந்த வரலாற்றின் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் நம் பத்திரிகை உலகத்திலிருந்து வருகிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு, 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்தியத் தலைவராக வந்தார். அந்தப் பள்ளியில் படித்து வெளியே வந்தவர்களில் ஒருவர் நாமக்கல்லில் பிறந்த பி. எம். ஸ்ரீநிவாசன் என்ற சில்பி. ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக 1940களின் பிற்பகுதியிலிருந்து அவர் கோயில் கோயிலாகப் போய், சிலைகளின் முன்னால் உட்கார்ந்து வரைந்தார். இருட்டுப் பிராகாரத்தில் கண்ணுக்குப் படாமல் கிடந்த சிற்பங்களை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றை நேர்வரைவு தமிழில் இன்றுவரை செய்ததில்லை எனலாம். ஆனாலும் அந்தச் சாதனைக்கு ஒரு பக்கவிளைவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நேரில் போய் வரையத் தகுந்தது கோயில்தான் என்ற எண்ணம் அதனால் ஊன்றிப்போயிற்று. மனோகர் தேவதாஸ் இந்த வட்டத்தை அகலப்படுத்தினார். மதுரையில் 1936இல் பிறந்து, கண்பார்வை சிறுகச் சிறுகக் குறுகிக்கொண்டே வந்த நிலையிலும் மெல்லிய பேனாக் கோடுகளால் வரைந்த அவர், கோயிலோடு சேர்த்துத் தாம் வளர்ந்த மதுரையின் கட்டடங்களையும் சுற்றுப்புறத்தையும் வரைந்து, அவற்றைப் பற்றி நூல்களும் எழுதினார். அந்த எழுத்து இல்லாவிட்டால் அவர் படங்களின் பாதிச் செய்தி நமக்குக் கிடைத்திருக்காது.

இன்றைய வார இறுதிக் குழுக்கள் இந்த இரண்டு மரபுகளுக்கும் வாரிசுகள். அதனால் அவர்களுடைய ஸ்டூல் இயல்பாகவே குளக்கரையிலும் தேர்முட்டியிலும் செங்கல் நிறக் காலனியக் கட்டடங்களின் எதிரிலும் போய் நிற்கிறது. இதைக் கேலி செய்யத் தேவையில்லை. பழகுபவருக்கு அசையாத கட்டடம் வசதி. நிழலும் கழிப்பறையும் உள்ள இடம் அவசியம். சேர்ந்து போகப் பேருந்து வேண்டும். ஆனால் வசதி தீர்மானித்த இந்தத் தேர்வுக்கு வெளியே போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு சிங்கப்பூர் சான்று தருகிறது. தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 2011இல் மூடப்பட்டது. ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிகளிலிருந்து 2016இல் மக்கள் வெளியேறினார்கள். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் கலைக்கப்பட்டது. இவை இருக்கும்போதே அந்நாட்டின் வரைவாளர்கள் போய் உட்கார்ந்து வரைந்தார்கள். அடுக்குமாடியும் பழைய சாமான் கடையும் யாருடைய பாரம்பரியப் பட்டியலிலும் முதலிடத்தில் இருக்கக்கூடியவை அல்ல. போய்விடப் போகின்றன என்று அறிவிப்பு வந்த பிறகுதான் அவற்றின் மதிப்பு பலருக்கு உறைத்தது. அறிவிப்பு எதுவும் இல்லாமலே மறைந்துபோகும் இடங்கள் அவற்றைவிடப் பல மடங்கு அதிகம். திருப்பூர் காதர்பேட்டையில் 2023 ஜூனில் ஒரே இரவில் ஐம்பது பனியன் கடைகள் வரை எரிந்துபோயின. நெரிசலான அந்த இடத்தில் கடைகள் எப்படி ஒட்டி நின்றன, சரக்கு எப்படித் தொங்கியது, நடக்க எத்தனை அடி மிச்சம் இருந்தது என்பதை வரைந்து வைக்க எந்தக் குழுவும் அறிவிப்புக்குக் காத்திருந்திருக்க முடியாது.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். எல்லோர் கையிலும் செல்போன் இருக்கும் காலத்தில், ஒரு நொடியில் எடுக்கக்கூடிய படத்துக்கு இரண்டு மணி நேரம் எதற்கு? நினைவைப் பற்றிய உளவியல் ஆய்வுகள் இதற்குப் பாதிப் பதிலைத் தருகின்றன. லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவை நினைவில் நின்றன. ஆனால் ஒரு பகுதியைக் குறிப்பாகப் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், ஒரு சொல்லை எழுதிப் பார்த்தவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருந்ததைக் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குற்றம் கேமராவிடம் இல்லை, கவனம் போன திசையில்தான் வேறுபாடு என்பது தெளிவாகும். வரைதல் கவனத்தைக் கட்டாயமாக்குகிறது, அவ்வளவே. ஆனால் இந்த ஆதாரம் வரைபவரின் நினைவைப் பற்றியது மட்டும்தான். வரைந்தவருக்கு நல்லது என்பதனாலேயே அது ஊருக்கும் நல்லது என்று ஆகிவிடாது. யோகாசனம் செய்தவருக்கும் நன்மை உண்டு, ஊர் அதற்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை. கூட்டாக, வெட்டவெளியில் வரைவதற்குப் பொதுப்பயன் ஒன்று உண்டென்றால், அதை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்தப் பயன் வரைவதன் வேகமின்மையில் இருக்கிறது. கிளிக் செய்தவர் அடுத்த நொடி போய்விடலாம். வரைபவர் போக முடியாது. அவர் உட்கார்ந்தவுடன் பின்னால் ஆள் சேரும், தமிழ்நாட்டுத் தெருவில் நிச்சயமாகச் சேரும். அரைகுறையாக இருக்கும்போதே படம் பிறர் கண்ணில் படும். பார்ப்பவர் அந்த இடத்தை அறிந்தவராக இருந்தால் பேசாமல் இருக்க மாட்டார். “அந்த மதகுல ரெண்டு கதவு இருக்குதுங்களே, ஒண்ணுதான போட்டிருக்கீங்க” என்பார். “அந்தச் சுவரு போன மழைல விழுந்துச்சுங்க, முன்ன மேல வரைக்கும் இருந்துச்சு” என்று இன்னொருவர் சேர்ப்பார். தவறு அங்கேயே திருத்தப்படும். கண்ணுக்குத் தெரியாத பழைய செய்தியும் வந்து சேரும். முடிந்த புகைப்படத்துக்கும், ஸ்டுடியோவில் தீட்டிய ஓவியத்துக்கும், அலுவலகத்தில் தயாராகும் வரைபடத்துக்கும் இல்லாத ஒன்று இது: உருவாகும்போதே, அந்த இடத்துக்கு உரியவர்களால் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகும் பதிவு. ஒருவர் தனியாக உட்கார்ந்தால் ஒரு மூலையில் நடக்கும் இந்த விசாரணை, பதினைந்து பேர் பதினைந்து இடத்தில் உட்கார்ந்தால் தெரு முழுக்க நடக்கிறது. குழுவாகப் போவதன் உண்மையான லாபம் இதுதான். ஒருவரை ஒருவர் ஊக்குவிப்பதும், கடைசியில் புத்தகங்களை விரித்து வைத்து ரசிப்பதும் அதற்கு அடுத்தவை.

இப்படிப் பார்த்தால் இடத்தேர்வுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பிரபலமான பாரம்பரியத் தலத்தில் பின்னால் வந்து நிற்பவரும் பெரும்பாலும் வெளியூர்க்காரர். ‘நல்லா வந்திருக்கு’ என்பதைத் தாண்டி அவரால் எதுவும் சொல்ல இயலாது. எதிரே இருப்பதைத் தினமும் இயக்குபவரோ, பழுது பார்ப்பவரோ, அதனருகில் பிறந்து வளர்ந்தவரோ நின்று பார்க்கும் இடத்தில்தான் திருத்தம் கிடைக்கும். கொமரலிங்கம் அத்தகைய இடம். திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், அமராவதி ஆற்றங்கரையில் உள்ள இந்தப் பேரூராட்சி, பின்னலாடையின் பெயரால் உலகம் அறிந்த மாவட்டத்துக்குள் நெல்லும் கரும்பும் விளையும் ஆற்றுப்பாசன ஊர். 1950களில் அணை எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே ஆற்றின் குறுக்கே சிறு அணைகள் கட்டி நீரைத் திருப்பிய எட்டு ராஜவாய்க்கால்கள் இப்பகுதியில் உண்டு. ராமகுளம், கல்லாபுரம், கொமரலிங்கம், சர்க்கார் கண்ணாடிபுத்தூர், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு என்பவை அவை. ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் இவற்றை நம்பியிருக்கிறது. கடத்தூர் அர்ச்சுனேஸ்வரர் கோயிலையும் கொழுமம் தாண்டேஸ்வரர் கோயிலையும் தேடிக் கலை ஆர்வலர்கள் வருவார்கள். கல்வெட்டு ஆய்வாளர்கள் வருவார்கள். அந்தக் கோயில்களைச் சூழ்ந்த ஊர்களுக்குச் சோறு போட்ட வாய்க்காலின் தலைமதகை வரைய யாரும் வருவதில்லை.

மதகு ஒன்றை வரைய உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தால் விஷயம் விளங்கும். நீர் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குகிறது, ஷட்டரை ஏற்றும் திருகு எங்கே, பழைய கல் தூண் எது, பிற்காலத்து சிமெண்ட் எது, எந்த மடை எந்த வயலுக்கு என்று புரியாமல் ஒரு கோடும் நேராக விழாது. கேட்டாக வேண்டும். கேட்டால் மதகை இயக்கும் லஸ்கரோ வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவரோ சொல்லுவார். முறைப்பாசனத்தில் யாருக்கு எப்போது தண்ணீர் என்பது வரைபடத்தில் இல்லாத செய்தி. அதுவும் பேச்சில் வரும். வெல்லம் காய்ச்சும் ஆலையும் அப்படித்தான். ஆட்டிய சாறு கொப்பரைக்கு வருவது, சாறு போன சக்கையே காய்ந்து அடுப்புக்கு விறகாவது, அழுக்கு எடுப்பது, பாகு பதத்துக்கு வந்ததும் இறக்கி ஆற விடுவது, சூடு தணியும் முன் கைபிடித்து உருட்டுவது என்று அங்கே ஒரு முழுத் தொழில் கண்ணெதிரே திறந்து கிடக்கிறது. ஒற்றைப் படத்தில் அதைப் பிடிக்க முடியாது. ஆறு பேர் ஆறு கட்டங்களை வரைந்தால் பிடிக்கலாம். தொட்டிக்கட்டு வீட்டின் நடுமுற்றம், உடுமலை வட்டார நூற்பாலைகளுக்கு ஆளேற்றிப் போகும் வேன், அந்த வேனுக்கு டிபன் பையோடு நிற்கும் பெண்கள் என்று ஊர் தன் மாற்றத்தை ஒரே தெருவில் வைத்திருக்கிறது. நெல்லிலிருந்து நூலுக்கு நகரும் உழைப்பை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறெங்கும் போக வேண்டாம்.

‘பொழுதுபோக்குக்கு இத்தனை பாரம் ஏற்றலாமா?’ என்பது அடுத்த ஆட்சேபம். வாரம் ஆறு நாள் வேலை செய்து களைத்தவர் ஏழாம் நாள் ஒரு கோபுரத்தை வரைந்து மனம் ஆறினால் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் ஒன்றுமில்லை, அந்த உரிமையை யாரும் மறுக்கவும் வேண்டாம். ஆனால் இந்த இயக்கம் தன்னை ஓர் இடத்தின், ஒரு காலத்தின் பதிவு என்று தானே அறிவித்துக்கொண்டிருக்கிறது. அந்த உரிமைகோரலைத்தான் இங்கே உரசிப் பார்க்கிறோம். நேரில் போய் வரைவது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. சித்தபிரசாத் 1943 நவம்பரில் வங்கத்தின் மிட்னாபூர் மாவட்டத்தில் நடந்தே திரிந்து, பஞ்சத்தில் மடிந்தவர்களையும் மடிந்துகொண்டிருந்தவர்களையும் வரைந்தார். ‘ஹங்ரி பெங்கால்’ என்று அது சிறுநூலாக வந்தபோது பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. வெறும் அழகுப் படமென்றால் எரிக்க வேண்டிய தேவை வந்திராது. யாருடைய பெயர், எந்த ஊர், என்ன நடந்தது என்பது கோட்டோடு சேர்ந்திருந்ததால்தான் அது அரசுக்கு ஆபத்தாகத் தெரிந்தது. வார இறுதிக் குழுவிடம் யாரும் அந்தத் தீரத்தை எதிர்பார்க்கவில்லை. திருப்பூர் வழியே ஓடும் நொய்யலை வரையும்போது கையில் இருக்கும் நீலத்தைப் பூசிவிடாமல், அன்று ஆறு என்ன நிறத்தில் ஓடியதோ அந்த நிறத்தைப் பூசும் அளவு நேர்மையை எதிர்பார்க்கலாம். சாயக்கழிவு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது 2011 ஜனவரியில். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஆற்றங்கரையில் தேதி போட்டு வரைந்த வண்ணப்படங்கள் ஒரு நூறு இருந்திருந்தால், அவை இன்று எவ்வளவு பெரிய ஆவணம்! கொமரலிங்கத்தில் நெல் வளர்க்கும் அமராவதியும் கீழே கரூரில் சாயத்தைச் சுமந்த ஆறுதான்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வரும். நகரத்திலிருந்து ஸ்கெட்ச் புக்கோடு வருபவர் வியர்வையையும் ஓட்டை ஓட்டையும் அழகாக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார். உழைப்பவர் வேடிக்கைப் பொருளாவார். டேனியல்களின் படத்தில் அளவு காட்ட நின்ற மனிதர்களின் வேலையைத்தான் இவரும் செய்ய நேரும் என்பது அது. இந்த ஆபத்து உண்மையானது, முழுக்க நீக்கவும் முடியாதது. தொட்டிக்கட்டு வீடு கண்ணைக் கவரும்; அது நிலம் வைத்திருந்தவரின் வீடு. அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் குடியிருக்கும் தெரு ஊருக்கு வெளியே இருக்கும், அங்கே ஸ்டூல் போகாது. சாதி நம் ஊர்களில் தெருவாகவே கிடப்பதால், எந்தத் தெருவில் உட்காருகிறோம் என்பது ஒருபோதும் வெறும் ரசனைத் தேர்வு ஆகாது. ஆயினும் மெதுவாக வரைவதில் இதற்கு ஒரு தடுப்பும் அமைந்திருக்கிறது. தூரத்தில் நின்று தெரியாமல் எடுத்துப் போகும் வசதி வரைபவருக்கு இல்லை. வரையப்படுபவர் எழுந்து வந்து பார்க்கலாம், வேண்டாம் என்று சொல்லலாம், மூக்கு இப்படி இல்லை என்று சிரிக்கலாம். பெண்களின் நிலையையும் இங்கே எண்ண வேண்டும். டீக்கடை பெஞ்சும் பாலத்துச் சுவரும் நம் சிற்றூர்களில் ஆண்களின் இடங்கள். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் மும்பையை ஆராய்ந்து 2011இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ நூல், பொது இடத்தில் நிற்க ஒரு பெண் எப்போதும் ஏதோ காரணத்தைக் காட்ட வேண்டியிருப்பதைச் சுட்டியது. ஸ்கெட்ச் புக் அந்தக் காரணத்தைத் தருகிறது. குழு துணையைத் தருகிறது. காரணமே தேவைப்படக் கூடாது என்பதுதான் நியாயம் என்றாலும், அந்த நியாயம் வரும்வரை இது சிறு சலுகை அல்ல.

வரையத் தெரியாதவர்களின் படம் எப்படி ஆவணம் ஆகும் என்ற ஐயத்துக்கும் பதில் வேண்டும். அளவு தவறும், சாய்வு தவறும், கை நடுங்கும். ஆனால் இங்கே பதிவின் நம்பகத்தன்மை தனிப்பட்ட கைத்திறனில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஒரே மதகைப் பத்துப் பேர் வரைந்தால் பத்திலும் ஒத்துவருவது எது, ஒருவர் படத்தில் மட்டும் இருப்பது எது என்று பார்க்கலாம். பக்கத்திலிருந்தவரின் திருத்தம் இருக்கிறது. தேவைப்படும் அளவை நூல் பிடித்தே எடுக்கலாம். ஜான் ரஸ்கின் லண்டனில் தொழிலாளர் கல்லூரியில் 1854 முதல் ஓவியம் கற்பித்தபோது, அவர்களை ஓவியர்களாக்குவதைவிட நன்றாகப் பார்ப்பவர்களாக்குவதையே தம் நோக்கமாகக் கொண்டார். நம்மிடம் அதற்கான ஆட்களும் இருக்கிறார்கள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் அண்ட் மாடல் டிராயிங்’ லோயர், ஹையர் எழுதித் தேறிய டிராயிங் மாஸ்டர்கள் ஊருக்கு ஊர் உண்டு. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டார்கள். அந்தத் தேர்வுகள் மேசை மேல் வைத்த கூஜாவையும் கனசதுரத்தையும் பார்த்து வரையக் கற்றுக்கொடுத்தன. அதே கண்ணையும் கையையும் பள்ளிக்கு அரை மைலில் இருக்கும் வாய்க்கால் மதகை நோக்கித் திருப்பினால் உள்ளூர்க் குழு பிறந்துவிடும். வெளியிலிருந்து வருபவரின் பார்வை அழகாக்கிவிடும் என்ற ஆட்சேபத்துக்கும் இதுவே சரியான விடை: கொமரலிங்கத்தைத் தொடர்ந்து வரைய வேண்டியவர்கள் கொமரலிங்கத்துக்காரர்கள். கோவையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ வரும் குழு, தொடங்கி வைக்கும் விருந்தாளி மட்டுமே.

இவ்வளவு சொன்ன பிறகும் நேர்வரைவின் எல்லைகளை மறைக்கக் கூடாது. தெருவிலிருந்து தெரிவதைத்தான் தெருவில் உட்கார்ந்தவர் வரைய முடியும். கட்டிங் மேசை, ஓவர்லாக் வரிசை, செக்கிங், அயர்ன் என்று பனியன் கம்பெனிக்குள் நடப்பது மூடிய கேட்டுக்கு அப்பால் இருக்கிறது. கேட்டையும் செக்யூரிட்டி ஸ்டூலையும் ஷிப்ட் முடிந்து வெளிவரும் முகங்களையும் வரையலாம். கூலியையும் ஓவர்டைம் கணக்கையும் வரைய முடியாது. கடனும் நிலவழக்கும் நிலத்தடி நீரும் கோட்டுக்குள் வராதவை. ஏப்ரல், மே வெயில் ஒன்பது மணிக்கே ஸ்டூலைக் கிளப்பிவிடும். இந்த எல்லைகளைவிடப் பெரிய குறை ஒருநாள் பழக்கம். வாரம் ஓர் இடம் என்று மாறிக்கொண்டே போகும் குழுவுக்கு ஒவ்வோர் இடமும் புதுக் காட்சியாகவே இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் விட்ட மாதமும் அடைத்த மாதமும் வேறு வேறு ஊர்கள் போல இருக்கும். நாற்று நட்ட வயலும் அறுத்த வயலும் அப்படியே. ஆண்டுக்கு நான்கு முறையேனும் அதே இடத்துக்குத் திரும்பிப் போனால்தான் மாற்றம் பதிவாகும். அந்தத் திரும்பிப் போதலில்தான் வேடிக்கை பார்த்தவரும் அறிமுகமானவராகி, முதல்முறை சொல்லாததைச் சொல்லத் தொடங்குவார்.

ஆகவே, வெளியில் கூடி வரைவது நகரத்துக்கு மட்டும் உரிய கலை என்ற எண்ணத்தைத் திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. நகரம் இந்தப் பழக்கத்தைப் பிறப்பித்தது. அதன் முழுப் பயன் விளையக்கூடிய நிலம், ஒவ்வொரு பொருளையும் அறிந்தவர் அதனருகிலேயே இருக்கும் சிற்றூர். அதற்குப் பெரிய நிதியோ அகாடமியோ தேவைப்படாது. படத்தின் ஓரத்தில் தேதி, நேரம், உட்கார்ந்த இடம் ஆகியவற்றை எழுதுவது. கேட்டறிந்த செய்தியைப் படத்தின் பின்புறம் குறிப்பது. மூலத்தை எடுத்துப் போனாலும் ஒரு நகலை ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ விட்டுவருவது. அடுத்த பருவத்தில் அதே இடத்துக்குத் திரும்புவது. இவை போதும். இன்னொன்றையும் சேர்க்கலாம். வரைந்தவர் கையெழுத்துப் போடும் மூலைக்கு மேலே, திருத்திச் சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரும் வரட்டும். லஸ்கர், ஆலைக்காரர், வேனுக்கு நின்ற பெண் என்று அந்தப் பெயர்கள் சேரச் சேர, படம் வந்துபோனவரின் நினைவுப்பொருள் என்ற நிலையிலிருந்து ஊரின் பொதுச்சொத்து என்ற நிலைக்கு நகரும். ஒரு குழு எத்தனை படம் வரைந்தது என்பதைவிட, அவற்றில் எத்தனை ஊர்க்காரரால் திருத்தப்பட்டன என்று கேட்பதே அதன் வேலையை எடைபோட ஏற்ற கேள்வி.